மறு: மறு: ஸ்டிக்கி பிட் – தமிழில் என்ன?

நண்பர்களே, லினக்ஸில் கோப்பு, அடைவு உரிமைகளை மாற்றும் சிஎச்மோட் (chmod) கட்டளையின் தமிழ் உதவிப்பக்கம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். 'படிக்க, எழுத, இயக்க' முடிந்தது. ஸ்டிக்கி பிட் (sticky bit) என்ற கூடுதல் உரிமைக் குறிதான் பாக்கி. இப்போதைக்கு 'ஒட்டுப் பிட்' என்று போட்டிருக்கிறேன்.

———
> ஒட்டுப் பிட்

எது எதோடு ஒட்டுகிறது? 1970களின் யூனிக்ஸில் நிரல் ஓடி முடிந்த பின்னும் அதன் ஒரு பகுதி ஸ்வாப்பில் (நினைவகத்துக்குத் துணையான வட்டுப் பகுதியில்) ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை சட்டென்று தொடங்கும். பெயர் அப்படி வந்தது. இன்றைய லினக்ஸ் சாதாரணக் கோப்பில் இந்த பிட்டைக் கண்டுகொள்வதே இல்லை. அடைவில்தான் வேலை: தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பி (/tmp) அடைவின் உரிமை எண் 1777, முதல் 1தான் இந்த பிட். அங்கே யாரும் கோப்பு உண்டாக்கலாம், நீக்கவோ பெயர் மாற்றவோ கோப்பின் உடைமையாளர், அடைவின் உடைமையாளர், ரூட் (கணினியின் முழு உரிமை உள்ள கணக்கு) மூவரால்தான் முடியும். 'அழிகாப்பு' என்போம்.

———
> அழிகாப்பு

வினைத்தொகையாக விரித்தால் 'அழிகிற காப்பு'! பொருளும் பிழை. கோப்பு 666 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம்) என்றிருந்தால் உள்ளடக்கத்தை மாற்றுவதை இந்த பிட் தடுக்காது. அடைவிலிருந்து பெயரை எடுப்பதைத்தான் தடுக்கும். 'பிறர்நீக்கத் தடை'. அடைவின் உரிமைகளைக் காட்டும் எல்எஸ் -எல்டி (ls -ld) கட்டளையில் உரிமை வரிசையின் கடைசி எழுத்தான t-க்கும் 'தடை'யின் தகரம் பொருந்துகிறது.

———
/டிஎம்பி-க்கே வள்ளுவர் சொல் வைத்திருக்கிறார்: துச்சில் (340). ஒதுங்கியிருக்கும் இடம். பயனர்களின் சொந்த அடைவுகள் உள்ள /ஹோம் என்பது புக்கில், நிலையான வீடு. 'துச்சில் பிட்' என்றால் எவ்வளவு அழகு!

———
ஐயா, /வார்/டிஎம்பி-யும் 1777தான். மறுதொடக்கத்திலும் அங்குள்ளவை கலையாமல் இருக்க வேண்டும். உங்கள் துச்சில் அங்கே புக்கிலாகிவிடும். பொதுவில் பகிரும் எந்த அடைவுக்கும் இந்த பிட்டை இடலாம்.

வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு ஸ்டிக்கி பிட் என்றால்தான் புரியும், தேடினாலும் கிடைக்கும். பெயரைவிட இதை எழுதுங்கள்: சிஎச்மோட் 777 /டிஎம்பி என்று அடித்தால் முன்னாலுள்ள 1 போய்விடும், அப்புறம் யார் கோப்பையும் யாரும் நீக்கலாம். 1777 அல்லது +டி (+t) கொடுத்தால் மீளும். உரிமை வரிசையின் கடைசியில் பெரிய டி (T) தெரிந்தால் மற்றவர்களுக்கு 'இயக்க' இல்லை, அதாவது அடைவுக்குள் நுழைய முடியாது.

———
சரி. எங்கும் 'ஸ்டிக்கி பிட்'. முதல் இடத்தில் மட்டும் கூடவே 'பிறர்நீக்கத் தடை'. மூவர் ஒப்பினர், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். அனுப்புகிறேன்.

———
அனுப்புமுன்: உரிமை வகுப்பு மூன்றில் (உடைமையாளர், குழு, மற்றவர்கள்) கடைசிக்கு 'பிறர்' என்று ஏற்கெனவே போட்டாயிற்றே? இந்தத் தடையில் குழுவினரும் சிக்குகிறார்கள். 'பிறர்' என்றால் குழுவுக்கு விலக்கு என்றல்லவா படிப்பார்கள்? 'அயலார்நீக்கத் தடை' என்று மாற்றுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.