பூஞ்சைமடி: வண்டு பூஞ்சையைச் சுமக்கும் உறுப்புக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

‘மைகாஞ்சியம்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். குடியாத்தம், வேலூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்காக மரத்தைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது.

மரம் துளைக்கும் வண்டுகளில் ஒரு கூட்டம் மரத்தைத் தின்பதே இல்லை. தண்டுக்குள் சுரங்கம் போட்டு, அதன் சுவரில் பூஞ்சையை வளர்த்து, அதைத் தின்று வாழ்கின்றன. புழுக்களுக்கும் அதுதான் தீனி. வண்டு பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. தாய் வண்டு வேறு மரம் தேடிப் பறக்கும்போது அந்தப் பூஞ்சையையும் உடம்பில் வைத்து எடுத்துப் போகிறது. அதற்கென்றே அதன் உடம்பில் ஒரு குழிவு உண்டு. அங்கே சுரப்பிகளும் உண்டு. வழியில் பூஞ்சை காய்ந்து சாகாமல் அந்தச் சுரப்பு காப்பாற்றுகிறது. இந்த இடத்தை 1956இல் ஜெர்மனியின் ஹெலன் பிராங்கே-குரோஸ்மன் விவரித்தார். 1963இல் பூஞ்சையியல் அறிஞர் லேக் பத்ரா அதற்கு மைகாஞ்சியம் என்று பெயர் வைத்தார்.

இந்த ஒரு உறுப்புக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்கலாம். நம் ஊரில் பூச்சிக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒரு மருந்து என்று தனித்தனியாக வாங்கி அடிக்கிறோம். படிப்பிலும் பூச்சியியல் ஒரு துறை, நோயியல் ஒரு துறை. மரத்துக்குள் அவை பிரிந்திருப்பதில்லை. வண்டு போடும் துளையால் மட்டும் பெரிய மரம் சாவது அரிது. வண்டு கொண்டுவந்த பூஞ்சை நீர் ஏறும் குழாய்களில் பரவும்போதுதான் கிளை வாடுகிறது. இந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று விவசாயிக்குக் காட்ட அந்த உறுப்பைத்தான் காட்ட வேண்டும்.

உங்கள் பரிந்துரைகளை எழுதுங்கள்.

குடியாத்தத்திலிருந்து

*

ஐயா, வணக்கம். ‘பூஞ்சைப்பை’ போதுமே. சிறுநீர்ப்பை, காற்றுப்பை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. பார்த்ததும் புரிகிற சொல்லை விட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

சென்னையிலிருந்து

*

வணக்கம். நாங்கள் இங்கே பங்கசு என்றுதான் படித்தோம். நோயைக் கடத்தும் பூச்சியை நோய்க்காவி என்போம். அதே வழியில் ‘பங்கசுக்காவி’ என்று வைக்கலாம்தானே? காவுதல் என்றால் சுமத்தல். பேச்சிலும் உள்ள சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

ஐயா, நான் ராணிப்பேட்டை பக்கம் வேளாண்மைத் துறையில் இருக்கிறேன். எனக்கு ‘மடி’ என்று தோன்றுகிறது. ஏர் பின்னாடி மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிற பெண்கள் விதையை முந்தானை மடியில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சாலில் விடுவார்கள் இல்லையா? இந்த வண்டு செய்வதும் அதேதான். பூஞ்சைமடி.

*

ராணிப்பேட்டை அம்மாவுக்கு நன்றி. இதைப் படித்ததும் எனக்கு வேறு சொல் தேட மனம் வரவில்லை. ஆனாலும் மற்ற இருவருக்கும் காரணம் சொல்லிவிட்டு முடிவெடுப்பதே முறை.

‘பை’ எளிய சொல்தான். ஆனால் இந்த உறுப்பு எல்லா வண்டுக்கும் பை போல இருப்பதில்லை. சிலவற்றுக்குத் தாடையின் அடியில், சிலவற்றுக்கு முதுகில் இரண்டு தகடுகளுக்கு நடுவே மடிப்பாக, இன்னும் சிலவற்றுக்கு முதுகில் சின்னச் சின்னக் குழிகளாக இருக்கிறது. பைன் மரங்களைத் தாக்கும் சைரெக்ஸ் என்ற மரக்குளவிக்கோ வயிற்றில், முட்டையிடும் ஊசியின் அடியில் இருக்கிறது. குழிக்கும் மடிப்புக்கும் பை என்று பெயர் வைத்தால், படத்தைப் பார்க்கிற மாணவர் பையைத் தேடுவார். மடி என்றால் இந்த நான்கும் அடங்கும். வாய்மடி, முதுகுமடி, வயிற்றுமடி என்று வகை பிரிக்கவும் வசதி.

‘காவி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். தமிழகத்திலும் அது புழங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் காவி என்பது முழு வண்டைக் குறிக்கும். நமக்கு வேண்டியது அதன் உடம்பில் ஓர் இடம். காவி எல்லாவற்றுக்கும் மடி இருக்காது என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் எல்ம் மரங்களை அழித்த நோயைப் பரப்பும் ஸ்கோலைட்டஸ் வண்டுகள் பூஞ்சை வித்துகளை உடம்பின் மேல்தோலில் ஒட்டவைத்துத்தான் கொண்டுபோகின்றன. அவை காவிகள், மடி இல்லாதவை. எனவே இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

*

ஐயா, மடி என்றால் மாட்டு மடிதானே முதலில் நினைவுக்கு வரும்? ஆசாரம், சோம்பல் என்ற பொருள்கள் வேறு இருக்கின்றன. குழப்பம் வராதா? இன்னொரு சந்தேகம். ஜவ்வாது மலைச் சந்தன மரம் என்றால், சந்தனத்தைச் சாகடிக்கும் ஸ்பைக் நோயைப் பற்றிப் பேசுகிறோமே, அதைப் பரப்பும் பூச்சிக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

சென்னையிலிருந்து

*

பூஞ்சை என்று முன்னால் நிற்கும்போது ஆசாரமும் சோம்பலும் உள்ளே வர வழியில்லை. மாட்டு மடி நினைவுக்கு வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை. அதுவும் சுரந்து ஊட்டும் உறுப்பு. இதுவும் சுரந்து பூஞ்சையை வாழவைக்கும் உறுப்பு. ‘பை’யில் இந்தச் சுரப்பு வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

சந்தன ஸ்பைக்குக்குப் பொருந்தாது. 1899இல் குடகில் முதலில் பதிவான அந்த நோய்க்குக் காரணம் பூஞ்சையே அல்ல, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் நோயுள்ள மரத்தில் உறிஞ்சும்போது அது உடம்புக்குள் போய், எச்சில் வழியாக அடுத்த மரத்துக்குப் போகிறது. சுமக்க என்று தனி இடம் கிடையாது. அங்கே காவி என்ற சொல்தான் சரி.

பூஞ்சையா, பூசணமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஊறுகாயில் பூசணம் பூத்தது என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்கிறோம். பள்ளிப் பாடநூலில் பூஞ்சை நிலைத்துவிட்டதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், பூஞ்சை வளர்த்துத் தின்னும் இந்த வண்டுகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘அம்புரோசியா வண்டு’ என்ற பெயர். சிலர் அமுதவண்டு என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 1836இல் ஆஸ்திரியாவின் ஷ்மிட்பெர்கர் சுரங்கச் சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, அது மரச்சாற்றிலிருந்து வந்தது என்று நினைத்து, கிரேக்கக் கதைகளில் தேவர்களின் உணவான அம்புரோசியாவின் பெயரை அதற்கு வைத்தார். அது பூஞ்சை என்று ஜெர்மன் வனவியலாளர் தியோடர் ஹார்டிக் கண்டது 1844இல். உண்மை தெரியாத காலத்துப் பெயரை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? ‘பூஞ்சை வளர்க்கும் வண்டு’ என்று சொல்லிவிடலாம். நீளம்தான், ஆனால் மறுபடி விளக்க வேண்டியதில்லை.

மறுப்பு இல்லையென்றால் பூஞ்சைமடி என்றே எழுதுகிறேன். கையேட்டின் அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

“அடிமரத்தில் குண்டூசித் தலை அளவு துளையும், அதிலிருந்து பல்குச்சி போல வெளியே நீளும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே பூஞ்சை வளர்க்கும் வண்டு இருக்கலாம். நீர் தேங்கியோ வறண்டோ வாட்டம் கண்ட மரங்கள் சாராய வாடையை வெளியிடும். இவற்றில் பல வண்டுகள் அந்த வாடைக்குத்தான் வருகின்றன. தாய் வண்டு தன் பூஞ்சைமடியில் பூஞ்சையைக் கொண்டுவந்து சுரங்கத்தில் விதைக்கிறது. பல இனங்களில் பெண் வண்டு பிறந்த சுரங்கத்திலேயே இணைசேர்ந்துவிட்டுத்தான் வெளியே பறக்கும். அதனால் ஒரே ஒரு வண்டு வந்தாலும் புதிய குடும்பம் உண்டாகிவிடும். தேயிலைத் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான துளை வண்டின் நெருங்கிய இனம் ஒன்று ஆசியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கும் இஸ்ரேலுக்கும் போய் அவகேடோ மரங்களைக் கெடுத்தது; 2017இல் தென்னாப்பிரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நம் வேலி ஓரத்து ஆமணக்கிலும் அது பெருகும்.

வண்டு உள்ளே போன பிறகு மேலே அடிக்கும் மருந்து அதைப் பெரும்பாலும் எட்டாது. தாக்கப்பட்ட கிளையை வெட்டி, தோப்பிலேயே சிறு துண்டுகளாக்கி அழித்துவிடுங்கள். செங்கல் சூளைக்கோ வேறு ஊருக்கோ விறகாக ஏற்றி அனுப்பாதீர்கள். விறகு போகும் வழியில் வண்டும், அதன் மடியில் உள்ள பூஞ்சையும் சேர்ந்தே போகும்.”

கடைசி வரியில் வெறும் ‘மடி’ என்று விட்டிருக்கிறேன். முதலில் ஒருமுறை முழுச்சொல் வந்துவிட்டதால் போதும் என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டை அம்மா இதை உங்கள் பக்கத்து விவசாயிகள் சிலரிடம் படித்துக் காட்டி, எங்கே புரியவில்லை என்கிறார்கள் என்று எழுதினால் அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுவேன்.