ஸ்லாஷ் ரிமோட் வண்டிக்கு எந்த பேட்டரி? கடையில் 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) போடச் சொல்கிறார்கள்

ஏற்காடு_அடிவாரம் (சேலம்):

வணக்கம். ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய டிராக்ஸஸ் ஸ்லாஷ் என்கிற ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். டூ வீல் டிரைவ், கார்பன் பிரஷ் மோட்டார். மோட்டார் மேல் டைட்டன் 12டி என்றும், ஸ்பீடு கன்ட்ரோலர் மேல் எக்ஸ்எல்-5 என்றும் போட்டிருக்கிறது. கூட வந்த 7 செல் நிக்கல் பேட்டரி (8.4 வோல்ட், 3000 எம்ஏஹெச்) வயதாகிவிட்டது. முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் நாலு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது.

ஏழாவது படிக்கிற என் மகளும் நானும் சனி, ஞாயிறு வீட்டுப் பின்பக்கம் செம்மண் மனையில் ஓட்டுவோம். பந்தயமெல்லாம் இல்லை. கடையில் கேட்டால், "3 செல் லைப்போ போடுங்க சார், 11.1 வோல்ட், 5000 எம்ஏஹெச், 100சி, வண்டி பறக்கும்" என்கிறார்கள். வீட்டிலோ, லைப்போ என்றாலே தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள். பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து ஏழாயிரம் வரை செலவழிக்கலாம். என்ன வாங்கட்டும்?

மெரினா_மணல்:

அண்ணா, 3 செல் வேண்டவே வேண்டாம். 2 செல், 7.4 வோல்ட், ஹார்ட் கேஸ் (கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டது) வாங்குங்க. நானும் பிரஷ் மோட்டார்தான் ஓட்டுறேன். 2 செல்லே மண்ணில் வால் சுத்த வைக்கும்.

காந்திபுரம்_காயில் (கோவை):

தம்பி சொன்னது சரிங்க. காரணத்தையும் சொல்லிடறேன், அடுத்த தடவை கடையில் நிக்கும்போது உங்களுக்கு உதவும்.

முதல்ல கன்ட்ரோலர் மேல இருக்கிற எழுத்தை இன்னொரு தடவை பாருங்க. வெறும் எக்ஸ்எல்-5 என்றால் லைப்போவில் 2 செல்தான் அதுக்கு எல்லை. பின்னாடி வந்த எக்ஸ்எல்-5 ஹெச்வி மட்டும்தான் 3 செல் தாங்கும். சரி, கன்ட்ரோலரையே மாத்திட்டோம்னு வைங்க, உங்க மோட்டார் தாங்காது. 12டி என்றால் சுருளுக்கு 12 சுற்று. சுற்று குறையக் குறைய வேகம் கூடும், ஆம்பியர் இழுப்பும் கூடும். அதுக்கு மேல வோல்ட்டையும் ஒன்றரை மடங்கு ஏத்தினா, கார்பன் தேய்ந்து, கம்யூட்டேட்டர் (கார்பன் உரசுற செப்பு வளையம்) நீலம் பாரிச்சுப் போகும். நான் பதினெட்டு வருஷமா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கேனுங்க. பம்பு மோட்டாரோ பொம்மைக் கார் மோட்டாரோ, கருகின வார்னிஷ் வாசம் ஒண்ணுதான்.

அடுத்தது அந்த 100சி. சி எண்ணுன்னா, பேக் தன் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் கொடுக்கும்னு சொல்றது. 5000 எம்ஏஹெச் என்பது 5 ஆம்பியர்-மணி. அதை 100ஆல் பெருக்குங்க, 500 ஆம்பியர். என் பட்டறையில் இருக்கிற வெல்டிங் செட்டே 200 ஆம்பியர்தான், அதோட கேபிள் கட்டைவிரல் தண்டி. இந்த பேக்கில் வர்ற வயர் பென்சில் தண்டிகூட இல்லை. பேட்டரியை வண்டியில் மாட்டற எக்ஸ்டி60 கனெக்டர் பேரிலேயே 60 இருக்கு, அது அந்த ஆம்பியருக்குச் செஞ்சது. 500 ஆம்பியர் எந்த வழியா வெளியே வரும்? ஸ்டிக்கரில் இருக்கிற சி எண்ணைப் பார்த்து யாரும் காசு கொடுக்காதீங்க, எனக்கு அதில் உண்மையிலேயே கோபம் வருது.

நான் பாக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு எடை. உள்ள சரக்கு இல்லாம எடை வராது. 2 செல் 5000 ஹார்ட் கேஸ் பேக் முழு அளவில் இருந்தா 250 கிராமாவது இருக்கணும். 180ன்னு காட்டினா வெச்சுட்டு வந்துடுங்க. இன்னொண்ணு உள்தடை, மில்லி ஓமில் வரும், நல்ல சார்ஜரே காட்டிடும். ரெண்டு செல்லும் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட சமமா இருக்கணும். ஒண்ணு 3, இன்னொண்ணு 9ன்னா அந்த ஜோடி ரொம்ப நாள் சேர்ந்து ஓடாது.

எனக்கும் ஒரு ஸ்லாஷ் இருக்கு, மோட்டாரும் அதே 12டி. 5000 பேக் போட்டு 25 நிமிஷம் ஓட்டிட்டு சார்ஜ் போட்டா 4000 எம்ஏஹெச் ஏறுது. கணக்குப் போட்டா சராசரி இழுப்பு 10 ஆம்பியருக்கும் கீழ. கிளம்பும்போது மட்டும் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். உண்மையான 30சி இருந்தாலே 150 ஆம்பியர், தாராளம்.

"8.4 வோல்ட் ஓடின வண்டிக்கு 7.4 வோல்ட்டா"ன்னு தோணும். லைப்போ ஒரு செல்லுக்கு 3.7 போட்டிருந்தாலும் முழுசா ஏத்தினா 4.2, ரெண்டுக்கும் சேர்த்து 8.4. நிக்கல் பேக் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினதும் தொய்ஞ்சு போகும், லைப்போ அவ்வளவு தொய்யாது. போதாததுக்கு, 7 செல் நிக்கல் பேக் 400 கிராம் வரும். வண்டி லேசாகிறதை உங்க பொண்ணு முதல் திருப்பத்திலேயே சொல்லிடும்.

இப்போ சார்ஜர். பேட்டரிக்கு முன்னாடி இதை வாங்குங்க. ஒவ்வொரு செல்லையும் தனியா அளந்து சமப்படுத்துற பேலன்ஸ் சார்ஜர்தான் வேணும். 5000 பேக்கை 5 ஆம்பியரில் ஏத்தினா, 8.4ஆல் பெருக்கி 42 வாட். 50 வாட் சார்ஜர் போதும். 3 செல்லுக்கு அதுவே 63 வாட், பத்தாது. பழைய நிக்கல் சார்ஜரை லைப்போவில் தப்பித் தவறியும் மாட்டிடாதீங்க. தீப்பிடிக்கிற கதையில் பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

கல்லணை_ரோடு:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. என் பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு நிக்கல் பேட்டரிதான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வண்டி சோர்ந்தால் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறான். பத்து நாள் அப்படியே கிடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் அந்த நிம்மதிதான் பெரிது.

காந்திபுரம்_காயில் (கோவை):

நீங்க சொல்றது நியாயமுங்க. பிள்ளையே கழட்டி, பிள்ளையே சார்ஜ் போடற வீட்டுக்கு நிக்கல்தான் சரி. இங்க அப்பா கூடவே இருக்கார்னுதான் லைப்போ சொன்னேன். ஆனா அதுக்கு ஒரு வழக்கம் வேணும். நான் அதை நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

ஒரு மே மாசம் ஞாயிறு ஓட்டறதுக்காக ரெண்டு பேக்கையும் சனிக்கிழமை ராத்திரியே முழுசா ஏத்தி வெச்சேன். மச்சினன் கல்யாண வேலை வந்து பழனிக்குப் போயிட்டோம். மூணு வாரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூமில், முழு சார்ஜில் கிடந்தது. வந்து பார்த்தா ரெண்டும் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. உள்ள இருக்கிற திரவம் சிதைஞ்சு வாயுவாயிடுது. உப்பின பேக்கைக் குத்தவும் கூடாது, அமுக்கவும் கூடாது. சார்ஜை மெதுவா இறக்கி, மின்கழிவு எடுக்கறவங்ககிட்டக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஓட்டாத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில்தான் வைக்கிறேன். சார்ஜரில் ஸ்டோரேஜ்னு ஒரு மோடு இருக்கும், அதுவே பாத்துக்கும். ஓட்டி முடிச்சதும் சூட்டோட சார்ஜ் போடாதீங்க, கை வெச்சா குளிர்ச்சி தெரியணும். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்கணும், மெத்தை, துணி பக்கத்தில் வேண்டாம், செங்கல் மேல வைங்க.

முக்கியமானதை விட்டுட்டேன். வண்டி ஸ்விட்ச் போட்டதும் எக்ஸ்எல்-5இல் விளக்கு சிவப்பா எரிஞ்சா, வோல்ட் இறங்கினா நிறுத்தற காவல் வேலை செய்யலைன்னு அர்த்தம். லைப்போவுக்கு அது பச்சையா எரியணும். மாத்தற முறை டிராக்ஸஸ் கையேட்டில் இருக்கு. அது இல்லாம ஓட்டினா செல் 3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கி செத்துப் போகும்.

மெரினா_மணல்:

கனெக்டர் மாத்தணும்னா பேட்டரிப் பக்க வயர் ரெண்டையும் ஒரே வெட்டில் வெட்டிடாதீங்க அண்ணா, கட்டிங் பிளேயர் வழியாவே ஷார்ட் ஆகும். சிவப்பை வெட்டி, ஈயம் வெச்சு, டியூப் போட்டு மூடிட்டு அப்புறம் கறுப்பு. அதைவிட நல்லது, வண்டிப் பக்க கனெக்டரை மாத்திக்கிறது. அங்க கரன்ட் இல்லை.

ஏற்காடு_அடிவாரம் (சேலம்):

எல்லோருக்கும் நன்றி. வேறு கடையில் 2 செல் 5000 ஹார்ட் கேஸ் வாங்கினேன். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம், 274 கிராம். 50 வாட் பேலன்ஸ் சார்ஜரும் அதே கடையில். மொத்தம் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. உள்தடை 3, 3 என்று காட்டியது.

கன்ட்ரோலர் வெறும் எக்ஸ்எல்-5தான், ஹெச்வி இல்லை. விளக்கும் சிவப்பாகத்தான் எரிந்தது! கேட்காமல் ஓட்டியிருந்தால் முதல் நாளே பேக் போயிருக்கும். பச்சைக்கு மாற்றிவிட்டேன். எக்ஸ்டி60 வண்டிப் பக்கம் வைத்தேன்.

இன்று காலை 21 நிமிஷம் ஓட்டினோம். மோட்டாரைத் தொட்டால் சுட்டது, அதனால் நடுவில் பத்து நிமிஷம் நிறுத்தினோம். முடித்துப் பார்த்தால் ஒரு செல் 3.67, இன்னொன்று 3.66. மகள் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இப்போது மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே, செங்கல் மேல் ஸ்டோரேஜ் மோடில் இருக்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.