தொடர் பார்த்துவிட்டு வேதபாடம்: நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சிறு குழுவில் எட்டுப் பேர். இரண்டு மாதமாக இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் நாடகத் தொடர் ஒன்றை வாரம் ஒரு பாகம் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். வேதபாடம் என்றாலே நழுவுகிறவர்கள்கூட நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதுவரை சந்தோஷம்தான்.

சிக்கல் பேச்சில் வருகிறது. போன வாரம் பேதுருவின் மனைவியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். அவள் குணம், அவள் கோபம், எல்லாம். வீட்டுக்குப் போய் மாற்கு 1-ஐத் திறந்தால் அங்கே இருப்பது ஜுரமாய்க் கிடந்த மாமி, அதாவது அந்த மனைவியின் தாய் மட்டும்தான்! மனைவியைப் பற்றி 1 கொரிந்தியர் 9:5-இல் ஒரு குறிப்பு, பெயர்கூட இல்லை. கதாசிரியர் இட்டு நிரப்பியதை நாங்கள் வேதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம். (அந்த நடிகை நன்றாக நடித்தார், அது வேறு.)

அதற்காகத் தொடரை நிறுத்த மனமில்லை. ஆயத்துறையில் (வரி வசூலிக்கும் இடத்தில்) உட்கார்ந்திருந்தவனுக்கு மத்தேயு 9:9-இல் மத்தேயு என்று பெயர், மாற்கு 2:14-இல் லேவி. பல வருஷம் வாசித்தும் இதைக் கவனிக்காத ஒரு அண்ணன், காட்சியைப் பார்த்த பிறகுதான் ஏன் என்று கேட்டார்.

இப்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வசனப் பகுதியை முதலில் வாசிப்பதா, பார்த்த பிறகா? முழுப் பாகமும் போடுகிறீர்களா, பத்து நிமிடக் காட்சி மட்டுமா? அப்புறம், "இது வேதத்தில் இல்லை" என்பதை யாரையும் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது? கேள்விகள் தயாரித்து வைத்திருந்தால் பகிருங்கள். அடுத்த வாரம் நிக்கொதேமு, யோவான் 3.