ஓசூர்–ஆனேக்கல்லுக்கு ஒரு கூட்டு எல்லைக் குழு: வேலைக்கு ஆகுமா?

ஜூஜூவாடி வாசி:
ஐரோப்பிய ஒன்றியம் தன் வெளி எல்லையில் உள்ள அண்டை நாடுகளோடு நடத்தும் ஒத்துழைப்புத் திட்டங்களைப் பற்றிப் படித்தேன். போலந்து–உக்ரைன், ருமேனியா–மால்டோவா மாதிரி. எல்லையோர மாவட்டங்களும் நகராட்சிகளுமே இதில் நேரடியாகச் சேர்கின்றன. ஒவ்வொரு வேலையிலும் இரு பக்கத்து ஆட்களும் இருந்தாக வேண்டும், பணம் ஒரே பையில், யாருக்குக் கொடுப்பது என்பதை இரு தரப்பும் உட்கார்ந்த ஒரே குழு முடிவு செய்யும். ஓசூர்க்காரர்களான நமக்குக் கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகம், ஆந்திரம் இரண்டையும் தொடுகிறது. நமக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை?

மதகுக்காரர்:
தம்பி, பாசனத்துறையில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். அங்கே பணப்பை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் கையில். காசு வேண்டுமென்றால் சேர்ந்து வா என்கிறார்கள், வருகிறார்கள். இங்கே அந்தப் பை யாரிடம்? மார்க்கண்டேய நதியில் கர்நாடகக்காரர்கள் யார்கோள் அணை கட்டினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் போனோம், 2019 நவம்பரில் நாம் கேட்ட தடை தள்ளுபடி ஆனது. அணையும் எழும்பிவிட்டது. பக்கத்து ஊர்ப் பாசம் பேசினால் தண்ணீர் வருமா?

கெலவரப்பள்ளி பாசனம்:
ஐயா, நீங்கள் தண்ணீரின் அளவைச் சொல்கிறீர்கள், எங்கள் பிரச்சினை தண்ணீரின் நாற்றம். நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை பெங்களூரு சாக்கடையைச் சுமந்துகொண்டு ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகைத் தூக்கினால் பஞ்சு மூட்டை அவிழ்த்த மாதிரி நுரை. போன மழைக்கு என் வயல் வரப்பு வரைக்கும் பறந்து வந்தது. அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் ராத்திரி முழுக்க அரிப்பு. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன், 'அது அந்த மாநிலத்து விஷயம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூஜூவாடி வாசி:
இதற்குத்தான் பெய்ப்பஸ் ஏரி நல்ல உதாரணம். எஸ்டோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் கிடக்கிறது. பகைமை எவ்வளவோ இருந்தும் 1997இல் எல்லை நீருக்கென்று கூட்டு ஆணையம் வைத்தார்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற வேலைக்கு எல்லைத் திட்டத்துப் பணம் போனது.

மதகுக்காரர்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யாவோடும் பெலாரஸோடும் இருந்த அத்தனை எல்லைத் திட்டங்களையும் ஒன்றியம் நிறுத்தி வைத்தது. மேலே சண்டை என்றால் கீழே கைகுலுக்கல் நிலைக்காது. நம் ஊரில் காவிரி என்று ஒரு வார்த்தை வந்தால் அத்திப்பள்ளியில் நம் பஸ் நிற்கிறதே, அதே கதைதான்.

தளி ராகி:
யானை எந்தத் தீர்ப்பையும் படித்துவிட்டு வருவதில்லை அண்ணா. ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும். இங்கிருந்து அந்தப் பக்கம் விரட்டுவார்கள், அங்கே இருப்பவர்கள் இந்தப் பக்கம் தள்ளுவார்கள். நடுவில் மிதிபடுவது என் ஒன்றரை ஏக்கர். 2024 மே மாதம் தென் மாநிலங்கள் ஒரே நேரத்தில் யானைகளை எண்ணினவே? எண்ணச் சேரத் தெரிந்தவர்களுக்கு, மந்தை கிளம்பியதும் இந்தப் பக்கம் ஒரு போன் போடத் தெரியாதா?

பெங்களூரா தோப்பு:
(மாம்பழத்தைத்தான் சொல்கிறேன். ஆந்திராவில் தோத்தாபுரி, நமக்குப் பெங்களூரா.) 2025 ஜூனில் சித்தூர் மாவட்டம் வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்றது. கர்நாடக முதல்வர் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போனது. மூன்று மாநிலத்திலும் ஒரே பழம், கூழ் ஆலைக்காரர் விலை இறக்கினால் மூவருக்கும் ஒரே அடி. ஆனால் மூன்று பக்கத்து விவசாயியும் உட்கார ஒரு திண்ணைகூட இல்லை.

மதகுக்காரர்:
தென்மண்டலக் கவுன்சில் இருக்கிறதே, 1956ஆம் வருஷச் சட்டத்திலேயே?

பெங்களூரா தோப்பு:
இருக்கிறது. ஒன்றிய உள்துறை அமைச்சர் தலைமை, முதல்வர்கள் நாற்காலி. வேப்பனப்பள்ளிக்காரனுக்கு அதில் எங்கே இடம்?

மதகுக்காரர்:
சரி, யானைக்கும் மாங்காய்க்கும் ஒத்துக்கொள்கிறேன், அங்கே நஷ்டம் இரு பக்கமும் இருக்கிறது. சாக்கடையில் மேலே இருப்பவனுக்கு என்ன நஷ்டம்? அவன் ஏன் வந்து உட்கார வேண்டும்?

ஜூஜூவாடி வாசி:
அங்கேதான் தப்புக்கணக்கு. அந்த நுரை முதலில் பறந்தது பெங்களூரிலேயே, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை ஒட்டிய தெருக்களில். 2017இல் பெல்லந்தூர் ஏரியில் தீயே பிடித்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. நம் கூட்டாளி அந்த ஏரிக்கரை ஜனங்கள்தான், விதான சௌதாவில் உட்கார்ந்திருக்கும் கர்நாடக அரசு இல்லை.

மதகுக்காரர்:
அவர்களுக்கு ஏரி சுத்தமானால் போதும். அழுக்கை ஏரியைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் கீழே தள்ளினாலும் சந்தோஷப்படுவார்கள். அப்போது நீங்கள் யாரிடம் போவீர்கள்?

கெலவரப்பள்ளி பாசனம்:
அதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம். வர்ற ஞாயிறு வர்த்தூர் போகிறேன், ஒரு பாட்டிலில் எங்கள் வாய்க்கால் தண்ணீரோடு. காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

மதகுக்காரர்:
ஒரு இடம் எனக்கு. கருத்து மாறியதாக நினைக்க வேண்டாம், வர்த்தூர் மதகைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. பாட்டில் மூடியை மட்டும் இறுக்கமாக மூடுங்கள்.