ஜெர்மனியில் எம்.எஸ்., ஆவணியில் கல்யாணம்: மனைவியைக் கூட்டிப்போக விசா எப்படி எடுப்பது?

கல்லிடைத் தம்பி

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில் மெக்கானிக்கல் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷப் படிப்பு, செப்டம்பர் கடைசியில் கிளம்பணும். ஆவணியில் கல்யாணம். பொண்ணுக்கு அம்பாசமுத்திரம், பி.எட். முடித்துவிட்டு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வண்ணார்பேட்டையில் ஒரு ஏஜென்ட், "முதல்ல டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டுப் போங்க தம்பி, அங்க போய் மாத்திக்கிடலாம்" என்கிறார். மாமனாருக்கு அதெல்லாம் புரியவில்லை. தாலி கட்டிவிட்டு மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டால் பிள்ளை எத்தனை மாசம் தனியாக இருக்கும் என்றுதான் கேட்கிறார், கேட்பது நியாயம்தான். கல்யாணத்தையே படிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்வோமா என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்கான பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷத்துக்கான 11,904 யூரோ போட்டிருக்கிறேன். அது இரண்டு பேருக்கும் போதுமா?

தென்காசி அக்கா

தம்பி, கல்யாணத்தைத் தள்ளிப் போடாதீங்க. வீட்டுக்காரர் இங்கே ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது இதே வழியில் வந்தவள் நான், அதனால் சொல்கிறேன். ஜெர்மன் சட்டத்தில் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது: உங்கள் கையில் ரெசிடென்ஸ் பெர்மிட் (அங்கே தங்கும் அனுமதி) கொடுக்கும்போதே நீங்கள் கல்யாணம் ஆனவராக இருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தங்கப் போகிறவராகவும் இருந்தால், மற்ற நிபந்தனைகள் சரியாக இருக்கும்பட்சத்தில் மனைவி வருவது உரிமை. பெர்மிட் வாங்கிய பிறகு கல்யாணம் செய்தால் அதே விஷயம் அதிகாரியின் விருப்பத்துக்குப் போய்விடும். ஆவணியில் தாலி கட்டிவிட்டுப் போவது உங்களுக்கு நல்லதுதான்.

ஆனால் தாலி கட்டினால் மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளைக்குள் பதியணும், அதற்கு மேல் 60 நாள் அபராதத்தோடு. இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போடணும் என்பதால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், மறுவீடு விருந்து எல்லாம் அப்புறம். பதியும்போது பெயரில் கண் வையுங்கள். நம்ம ஊரில் பள்ளிச் சான்றிதழில் எஸ். என்று ஒற்றை எழுத்து இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், திருமணச் சான்றிதழில் எழுத்தர் வேறு ஸ்பெல்லிங் போட்டிருப்பார். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இங்கே ஃபைல் பார்க்கிறவருக்கு மூன்று ஆள். எங்களுக்கு இந்த ஒரு எழுத்தால்தான் தாமதம் ஆனது. அதனால் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது ஏ1 ஜெர்மன், அதாவது ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலைத் தேர்வு. உங்கள் மனைவி இப்போதே படிக்க ஆரம்பிக்கட்டும். பட்டதாரிக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் படிப்புக்கேற்ற வேலை இங்கே கிடைக்கும் என்ற நிலையெல்லாம் பார்ப்பார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். டீச்சருக்கு இது பெரிய விஷயமும் இல்லை. ஒரு விண்ணப்பத்தை நிரப்பணும், சின்னதாக ஒரு கடிதம் எழுதணும், பேசும் தேர்வில் தன்னைப் பற்றிச் சொல்லிப் பெயரை எழுத்துக் கூட்டணும், நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. ஜெர்மன் மொழி நிறுவனமான கதே இன்ஸ்டிட்யூட்டின் தேர்வைச் சென்னையில் எழுதலாம், நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். தேர்வுக்கு இடம் சட்டென்று நிரம்பிவிடும், அதை மட்டும் பார்த்துக்கிடுங்க.

பாளையங்கோட்டை அண்ணாச்சி

அக்கா சொன்னது எல்லாம் சரி. டூரிஸ்ட் விசா பேச்சை அடியோடு விடுங்க தம்பி. அது 90 நாள் விசா, அங்கே போய் மாற்றித் தரமாட்டார்கள், திரும்ப ஊருக்கு வந்து முதலிலிருந்து போடணும். நாம் கேட்கவேண்டியது குடும்பச் சேர்க்கைக்கான நேஷனல் விசா, கட்டணம் 75 யூரோ. திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசு முத்திரை) போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க, இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. சான்றிதழில் சந்தேகம் வந்தால் தூதரகமே ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும்.

பணத்தைவிட வீடுதான் இழுத்தடிக்கும். ஹாஸ்டல் ஒற்றை அறையைக் காட்டி மனைவிக்கு விசா கேட்க முடியாது, ஆளுக்கு 12 சதுர மீட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாணவர் விடுதி நடத்தும் ஸ்டூடண்டன்வெர்க்கிடம் சில ஊர்களில் தம்பதிகளுக்கு என்றே வீடு உண்டு, இன்றைக்கே எழுதிப் போட்டு வரிசையில் நில்லுங்க. பணம் என்று பார்த்தால் 11,904 உங்கள் ஒருத்தருக்கு, மாசம் 992. மனைவிக்கும் தனியாகக் காட்டணும், எவ்வளவு என்பதை ஜெர்மனியில் நீங்கள் தங்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம்தான் முடிவு செய்யும். ஒரு நல்ல விஷயம், நீங்கள் மாணவராக அரசு சார்ந்த ஹெல்த் இன்ஷூரன்ஸில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியை அதிலேயே கூடுதல் பணம் இல்லாமல் சேர்க்கலாம்.

விக்கிரமசிங்கபுரம்

இதைப் படிக்கிறவர்களில் பிரான்ஸ் போகிறவர்கள் இருந்தால், அங்கே கதை வேறு. மாஸ்டர்ஸ் மாணவரின் மனைவிக்குப் பொதுவாக விசிட்டர் வகை நீண்டகால விசாதான், அதில் வேலை பார்க்க முடியாது. ஒப்பந்தத்தோடு பிஹெச்.டி. போகிறவர் ஆராய்ச்சியாளர் வகையில் போனால் மனைவிக்கும் வேலை உரிமையோடு கிடைக்கும். இங்கிலாந்தில் 2024 ஜனவரிக்குப் பிறகு மாஸ்டர்ஸ் பாடவகுப்புப் படிப்புக்குப் பொதுவாகக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

கல்லிடைத் தம்பி

ரொம்ப நன்றி. இரண்டே சந்தேகம். விசாவுக்கு நான் போட்டபோது கல்யாணம் ஆகாதவன், அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இனி என்ன செய்யணும்? அவள் அங்கே வேலைக்குப் போகலாமா? மாமனார் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

தென்காசி அக்கா

அன்றைக்கு உண்மை அதுதானே, பயப்பட ஒன்றுமில்லை. கல்யாணம் பதிந்ததும் விசா கொடுத்த இடத்துக்கு மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிவீர்கள், அந்தப் படிவத்தில் மணமானவர் என்றே குறியுங்கள். அங்கே தனியாள் என்று விழுந்துவிட்டால், பின்னால் மனைவியின் ஃபைல் அதே ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்மதம் கேட்டு வரும்போது இடிக்கும். சம்மதம் வர மாதக்கணக்கில் ஆகும், மாமனாரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேலைக்குத் தாராளமாகப் போகலாம், தனி அனுமதி வேண்டாம். உங்களுக்குத்தான் வருஷத்துக்கு 140 முழு நாள் என்று வரம்பு, மனைவிக்கு அந்த வரம்பு கிடையாது. ஆனால் பள்ளிக்கூட வேலைக்கு ஏ1 காணாது, மேலே மேலே படிக்கணும். ஊரில் காத்திருக்கிற மாசங்களில் ஏ2 பாடத்தையும் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். சார்பதிவாளரிடம் எந்தத் தேதிக்குப் போகிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள், படிவத்தை முன்கூட்டி ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.