முகூர்த்தத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப பிளவுஸ் கொக்கி மாட்டலை... உங்க கதையும் சொல்லுங்க

குன்னூர்க்காரி:

தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். நேத்து பிளவுஸ் அளவு குடுக்க கூட்டிட்டுப் போனேன், டேப்பை சுத்தின உடனே மூச்சை உள்ள இழுத்துட்டு "அக்கா ரெண்டு இஞ்சு கொறச்சே வெட்டுங்க, அதுக்குள்ள எளைச்சிருவேன்"னு சொல்றா. எனக்கு அப்படியே ஏழு வருஷம் பின்னாடி போயிருச்சு. அன்னிக்கு எனக்காக இதே வசனத்தை சொன்னது எங்கம்மா.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கீழ சமவெளில இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ புரியும்னு தெரியல. நாங்க ஸ்வெட்டர்லயே வளர்ந்தவங்க. ஸ்கூலுக்கு ஒரு ஸ்வெட்டர், காலேஜுக்கு ஜெர்கின், வீட்டுக்கு வந்தா அப்பாவோட பழைய ஸ்வெட்டர், அது மேல ஷால். குளிக்கற ரூம் கண்ணாடி எப்பவும் ஆவி பிடிச்சே இருக்கும். என் கை எவ்ளோ தடிமன், முதுகுல மடிப்பு விழுதா இல்லையான்னு எனக்கே இருபத்தாறு வயசு வரைக்கும் சரியா தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் வரல. அப்படி மூடியே வச்சிருந்த உடம்பை திடீர்னு ஒரு நாள் கை தெரிய இடுப்பு தெரிய நானூறு பேர் முன்னாடி மேடை ஏத்தினா எப்படி இருக்கும்?

கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதில புடவை எடுத்தோம். என் கூட வந்தது அம்மா, பெரியம்மா, அத்தை, மாமியார், மாமியாரோட தங்கச்சி. பெரிய பார்டர் எடுத்தா குள்ளமா தெரிவா, லைட் கலர் எடுத்தா குண்டா தெரிவா, கட்டம் போட்டா அகலமா தெரிவா... ஒவ்வொரு புடவையும் பிரிக்கறப்ப என்னைப் பத்தி ஒரு குறை வெளிய வரும். கடைல எடுத்துப் போட்ட பையன் பாவம், அவன்தான் "அக்காவுக்கு எல்லாமே நல்லாருக்குங்க"ன்னான், அதுவும் வியாபாரத்துக்கு.

பிளவுஸ் ஆரி ஒர்க்குக்கு குடுத்தோம். மார்பளவு 40 வந்துச்சு, அம்மா 38 எழுதச் சொன்னாங்க. ரெண்டு மாசம் இருக்கே, கொறைஞ்சிரும்னு. நானும் கொள்ளு ரசம், ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி, அப்புறம் யாரோ அனுப்பின ஏழு நாள் பழம் காய்கறி டயட்டுன்னு எல்லாம் பண்ணேன். முதல் வாரம் மூணு கிலோ போச்சு, வீடே கொண்டாடுச்சு. அதுல பாதிக்கு மேல தண்ணி எடைதான்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. சாப்பாடு தொட்ட ரெண்டாவது வாரமே வந்து ஒட்டிக்கிச்சு. இதுக்கு நடுவுல படில தலை சுத்தி உக்காந்தது தனிக் கதை. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல முடி கொத்துக் கொத்தா வந்துச்சு, அந்த மாதிரி பட்டினி கெடந்தா அப்படித்தான் தாமதமா வந்து கொட்டும்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

மூணு நாள் முன்னாடி பிளவுஸ் வந்துச்சு. போட்டேன். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி. சாதா பிளவுஸா இருந்தா உள்ள விட்ட தையலைப் பிரிச்சு தள்ளிப் போட்டுறலாம். ஆரி ஒர்க் அப்படி இல்லைங்க. துணியை சட்டத்துல இழுத்துக் கட்டி, அளவு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளதான் ஜரிகையும் மணியும் போடுவாங்க, அப்புறம்தான் வெட்டித் தைக்கறது. எனக்கு பக்கத் தையல் வரைக்கும் அடைச்சு மணி போட்டிருந்தாங்க, பிரிச்சா தையல் ஓட்டையோட வெறும் பட்டை தெரியும், அதுவும் ஒரு இஞ்சு கூட கிடைக்காது. நான் அழல. அம்மாதான் அழுதாங்க, அப்பவும் "சொன்னேன்ல, சாயங்காலம் பிஸ்கட் திங்காதேன்னு"தான்.

பெட்போர்டு பக்கம் மாடில மிதி மிஷின் வச்சிருந்த ஒரு வயசான டெய்லர்கிட்ட போனோம். தாத்தா பிளவுஸை உள்பக்கம் திருப்பி ஜன்னல்ல பிடிச்சு வெளிச்சத்துல பார்த்தாரு, அக்குள்ல விரலை விட்டுப் பார்த்தாரு, அப்புறம் "புடவையைக் குடுங்க"ன்னாரு. முந்தானை இல்ல, அந்தக் கடைசி, இடுப்புல முதல்ல சொருகற தலைப்பு, அதுல நாலு விரக்கட்டை வெட்டினாரு. அம்மா பதறிட்டாங்க, முகூர்த்தப் பட்டை வெட்டறீங்களேன்னு. அவரு கத்திரியை நிறுத்தாமயே "சேலையத்தானே வெட்டறேன், புள்ளையவா செதுக்கச் சொல்றீங்க"ன்னாரு. ரெண்டு பக்கமும் கைக்கு அடில இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பட்டை, அக்குள்ல டைமண்ட் மாதிரி ஒரு துண்டு. ஒரு மணி நேரம். கொக்கி மாட்டிச்சு, மூச்சும் விட முடிஞ்சுது.

கல்யாணத்தன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கு என்ன குளிருன்னு நினைக்கறீங்க, மேக்கப் போட வந்த பொண்ணு கோயமுத்தூர்க்காரி, அவளுக்கு பிரஷ் பிடிக்கவே கை நடுங்குது. என் பிளான் என்னன்னா ஷாலைப் போத்திட்டே மேடைல உக்காந்துரலாம், கேட்டா குளிருன்னு சொல்லிக்கலாம், ஒட்டுத்துணியும் தெரியாது கையும் தெரியாது. ஆனா ஓமத்துல ஐயர் நெய்யை ஊத்த ஊத்த முகத்துக்கு நேரா அனல், கண்ணு எரியுது, முதுகுல வேர்வை. மண்டபத்துல எல்லாரும் மங்கி கேப்போட உக்காந்திருக்காங்க, நான் ஒருத்திதான் வேகறேன். கால் மணி நேரம் பல்லைக் கடிச்சுட்டு, அப்புறம் ஷாலைக் கழட்டி அத்தை கைல குடுத்துட்டேன். குடுத்தது குடுத்ததுதான், அதுக்கப்புறம் மதியம் பந்தி வரைக்கும் ஞாபகமே வரல.

ஆல்பத்துல மாலை மாத்தற போட்டோல கையைத் தூக்கறேன், அந்த அக்குள் துண்டு அப்பட்டமா தெரியுது. வீட்டுக்கு வர்றவங்களுக்கு நானே காட்டுவேன். உங்களுக்கு என்ன நடந்துச்சு சொல்லுங்க, தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டணும்.

கோத்தகிரி தையலக்கா:

கண்ணு, நான் டானிங்டன் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல தைக்கறேன். உன் தங்கச்சி மாதிரி மாசத்துக்கு நாலு பேரு. ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடிப்பா, இன்னொருத்தி குளிருதுக்கான்னு ஸ்வெட்டர் மேலயே அளவு எடுக்கச் சொல்லுவா. ரெண்டும் தப்பு அளவுதான், ஒண்ணு பிடிக்கும், ஒண்ணு தொளதொளன்னு நிக்கும். நான் ஹீட்டர் போட்டுட்டு தெர்மலையும் கழட்டச் சொல்லிருவேன். அன்னிக்கு எந்த பிரா போடப்போறியோ அதையே போட்டுட்டு வா, அது மாறினா டார்ட் (மார்புப் பக்கம் மடிச்சுத் தைக்கறது) இடமே மாறிரும். மாசாமாசம் வர்ற தேதிக்கு முந்தின நாலு நாள் சில பேருக்கு உடம்பு ஊதும், முகூர்த்தம் அந்த நாள்ல வந்துச்சுன்னா முன்னாடியே சொல்லிருங்க, அரை இஞ்சு லூஸ் வைப்போம், இதுல என்ன வெக்கம்.

ஆரி குடுக்கறதுக்கு முன்னாடி சாதா காட்டன் துணில ஒரு பிளவுஸ் தைச்சுப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. சும்மா கண்ணாடி முன்னாடி நிக்கக் கூடாது. கையைத் தூக்கி மாலை போடற மாதிரி போடணும், குனிஞ்சு கால்ல விழணும், மணைல சம்மணம் போட்டு உக்காரணும். அதுல எங்க பிடிக்குதோ அங்க சரி பண்ணிட்டு அப்புறம் சட்டத்துல ஏத்துங்க. பக்கத் தையலுக்கு ரெண்டு இஞ்சு முன்னாடியே ஒர்க்கை நிறுத்தச் சொன்னா இன்னும் நல்லது, கைக்கு அடில மணி போட்டா அதை யாரு பாக்கப்போறா, உனக்குத்தான் குத்தும்.

அப்புறம் அந்தத் தாத்தா பண்ணதுதான் எங்க கையிலயும் கடைசி வழி. உள்தலைப்புல இருந்து எடுத்தா கலர் மாறாது.

ஏழுரோடு மேரி:

கொடைக்கானல்ல இருந்து. எனக்கு அளவு பிரச்சனை இல்ல, தழும்பு. ஆறு வயசுல வெந்நீர் அண்டா சாஞ்சு இடது தோள்ல இருந்து முழங்கை வரைக்கும். மலைல எல்லா வீட்லயும் வெந்நீர் கொதிச்சுக்கிட்டே இருக்கும்ல, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரோ.

எங்க அப்பத்தா காலத்துல சர்ச்சுல வெள்ளைச் சேலைதான், தலைல நெட்டு. எனக்கு கவுன் வேணும்னு வீட்டுக்காரரு வீட்ல ஆசைப்பட்டாங்க. (வெள்ளைக் கவுனே ஏதோ பைபிள்ல சொன்ன மாதிரி பேசறாங்க, 1840ல விக்டோரியா ராணி போட்டப்புறம்தான் அது இப்படி ஊரெல்லாம் பரவுச்சு.) மதுரைல போய் பார்த்தோம், ரெடிமேடா தொங்குறது எல்லாமே கை இல்லாதது. கடைக்காரம்மா என் தோளைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம நெட் துணி எடுத்துட்டு வந்தாங்க. ஃபுல் ஸ்லீவ் வச்சுக்கிட்டேன். முதுகுல ஜிப்புக்கு பதிலா கயிறு போட்டு இறுக்கற மாதிரி எடுத்தேன், அது மட்டும் ரொம்ப உபகாரம், ரெண்டு மூணு இஞ்சு கூடினாலும் கொறைஞ்சாலும் சமாளிக்கலாம்.

இப்ப எதுக்கு சொல்றேன்னா, எங்க சித்தி மக என்கிட்ட சண்டை போட்டா. தைரியமா தழும்பைக் காட்டணும், மறைச்சா நீ உன்னையே ஏத்துக்கலைன்னு அர்த்தம்னு போன்ல பார்த்ததையெல்லாம் பேசினா. நான் சொன்னேன், ஏண்டி, முப்பது வருஷமா எல்லாரும் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டு நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்த ஒரு நாள் எனக்கு லீவு வேணும்னு. ஃபுல் ஸ்லீவ் வச்சதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. பனி இறங்கி வெளிய எடுத்த போட்டோல தலை நெட்டு நனைஞ்ச கோழி மாதிரி ஒட்டிக்கிச்சு, வருத்தம் அதுலதான்.

ஒட்டடைக்குச்சி:

மாப்பிள்ளை சைடுல இருந்து ஒருத்தன் பேசலாமா. 52 கிலோ. கோட்டு வாங்கப் போனா ஹேங்கர்ல தொங்குறப்ப நல்லாருக்கும், என் மேல தொங்குறப்ப ஹேங்கர் எதுன்னு தெரியாது. உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட்டு ரிசப்ஷன்ல நின்னேன், ஊட்டி குளிருக்கு யாருக்கும் சந்தேகம் வரல. முகூர்த்தத்துக்கு வெறும் உடம்புல அங்கவஸ்திரம்னு ஐயர் சொன்னப்பதான் மாட்டினேன். விலா எலும்பை எண்ணிட்டாங்க பொண்ணு வீட்ல.

தேயிலைக்காடு:

எங்க தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க, தோட்டத் தமிழங்களைத் திருப்பி அனுப்பறதுக்குப் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம். கூடலூர் பக்கம் கவர்மெண்ட் டீத்தோட்டத்துல லைன் வீடு. நானும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் கொழுந்து பறிக்கப் போனேன். தேயிலைக் கறை விரல் நுனியிலயும் நகக்கண்ணுலயும் ஏறிரும், எலுமிச்சம்பழம் தேய்ச்சாலும் முழுசா போகாது. போட்டோக்காரன் மோதிரத்தை கிட்டக்க எடுக்கணும்னு கையை நீட்டச் சொன்னான், நான் மடக்கிக்கிட்டே இருந்தேன். எங்கம்மா பக்கத்துல நின்னாங்க, அவங்க கை என் கையை விட கருப்பு, ரெண்டு கையையும் சேர்த்து வச்சு எடுங்கன்னுட்டேன். வீட்ல மாட்டியிருக்கறது அந்தப் படம்தான்.

படுக வீட்டுப் பொண்ணு:

எங்களுக்கு அந்தக் காலத்துல இந்தத் தொல்லையே இல்ல. வெள்ளை முண்டு, மேல துண்டு, தலைக்கு ஒரு பட்டு. சுத்திக் கட்டறதுதான, அளவு எதுக்கு? என் பாட்டியோட முண்டை நானும் கட்டலாம், என்னை விட ரெண்டு மடங்கு இருக்கற எங்க மாமியும் கட்டலாம். இன்னொண்ணு, எங்கள்ல கண்ணி கட்டற (கழுத்துல நூல் கட்டற) சடங்கு வயித்துல குழந்தை இருக்கறப்பதான் வரும். ஹட்டியே, அதாவது எங்க ஊரே கூடி நிக்கும், வயிறு நல்லா தெரியும், யாரும் உள்ள இழுக்கச் சொல்ல மாட்டாங்க.

ஆனா நானும் ரிசப்ஷனுக்கு லெஹங்கா எடுத்தேன், நானும் மூணு வாரம் பட்டினி கெடந்தேன். அதனால பெருமை பேச எனக்கு வாய் இல்ல. இடுப்புல நாடா இறுக்கின அச்சு ரெண்டு நாள் இருந்துச்சு.

குன்னூர்க்காரி:

எல்லாத்தையும் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். ஒட்டடைக்குச்சி அண்ணா கதைக்கு மட்டும் சிரிச்சா, மத்ததுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. இன்னிக்கு சாயங்காலம் மறுபடி டெய்லர்கிட்ட இழுத்துட்டுப் போனேன், கோத்தகிரி அக்கா சொன்ன மாதிரி ஸ்வெட்டர் தெர்மல் எல்லாம் கழட்டி, ஹீட்டர் பக்கத்துல நிக்க வச்சு, மூச்சை விடுடின்னு ரெண்டு தடவை அதட்டி அளவு எடுத்தாங்க. நோட்டுல 36ஐ அடிச்சுட்டு 38½ எழுதினாங்க. கைக்கு அடில மணி வேண்டாம்னும் சொல்லியாச்சு. வர்ற வழில பேக்கரில வர்க்கி சூடா எடுத்திருந்தாங்க, ரெண்டு பாக்கெட் வாங்கினோம். வீட்டுக்கு ஒண்ணுதான் வந்து சேர்ந்துச்சு.