மாளிகாவத்தைக் குடும்பம் (அரட்டைக் குழு): நாலு சாட்சி

சாச்சி: (குரல் பதிவு) நம் பழைய வீட்டுத் தெருவில் இருக்கிற பெண் பிள்ளைக்கு யாரோடோ கள்ளத்தொடர்பாம். கேட்டுப் பாருங்கள்.

நஸ்ரின்: சாச்சி, முதலில் அதை அழியுங்கள். யார் பார்த்தது?

சாச்சி: வந்ததைத்தானே போட்டேன் மகள். மார்க்கத்தில் இதற்குக் கடும் தண்டனை இருக்குதானே?

நஸ்ரின்: இருக்கிறது. குர்ஆனில் சூரத்துந் நூர் 2ஆம் ஆயத்தில் (வசனத்தில்) விபச்சாரத்துக்கு நூறு கசையடி. அப்படியே 4ஆம் ஆயத்தையும் ஓதுங்கள். கற்புள்ள பெண்மீது பழி சொல்லி நாலு சாட்சி கொண்டுவராதவருக்கு எண்பது அடி, பிறகு அவருடைய சாட்சியம் ஒருநாளும் எடுபடாது. நாலு பேரும் அந்தச் செயலையே கண்ணால் கண்டிருக்க வேண்டும். சேர்ந்து த்ரீவீலில் போனார்கள் என்பதெல்லாம் சாட்சியா? கலீஃபா உமர் (ரலி) காலத்தில் இப்படி ஒரு வழக்கில் நாலாவது ஆள் உறுதியாகச் சொல்லாததால் மற்ற மூன்று பேரும் அடி வாங்கினார்கள்.

ரிஸ்வான்: கல்லெறி தண்டனை, ராத்தா?

நஸ்ரின்: அது ஹதீஸில் (நபிமொழியில்), திருமணமானவர்களுக்கு. அதிலும் மாஇஸ் (ரலி) என்ற நபித்தோழர் தானாக வந்து ஒப்புக்கொண்டபோது நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெரிய மாமா: இங்கே பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால்?

நஸ்ரின்: எந்தப் பிரிவில் எழுதுவார்கள் மாமா? நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் கள்ளத்தொடர்பு குற்றமே இல்லை. பொதுச் சட்டத்தில் அது விவாகரத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். நமக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன்படி காதியார் (முஸ்லிம் விவாக நீதிபதி) தலாக் (கணவன் கொடுக்கும் விவாகரத்து), பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து) விசாரிப்பார். கசையடி கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

ரிஸ்வான்: இந்தியாவில் ஜெயில் இருந்ததே?

நஸ்ரின்: அங்கத்தைய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு. ஆணுக்கு மட்டும், ஐந்து வருடம் வரை. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லையாம், மனைவி என்ன அவனுடைய சொத்தா? 2018இல் உச்ச நீதிமன்றம் தூக்கிவிட்டது.

சாச்சி: சவுதியில் இதே குற்றத்துக்குப் பிடிபட்ட நம் நாட்டுப் பெண்ணுக்கு என்ன நடந்தது?

நஸ்ரின்: 2015இல் கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பு. அவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட, திருமணமாகாத ஆணுக்கு நூறு கசையடி. நாலு சாட்சி வரவில்லை சாச்சி, அந்தப் பெண் ஒப்புக்கொண்டார் என்றே தீர்ப்பு. நம் அரசாங்கம் பேசி, வழக்கு திரும்ப விசாரணைக்கு வந்து, மூன்று வருடச் சிறையாகக் குறைந்தது. உழைக்கப் போன இடத்தில் அந்த உயிர் போயிருக்கும். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சாச்சி: யா அல்லாஹ். இங்கே அழித்துவிட்டேன். மத்ரஸா உம்மாமார் குழுவிலும் போட்டேனே மகள்!

நஸ்ரின்: இப்போதே அங்கேயும் போய், எல்லோருக்கும் அழிகிற மாதிரி அழியுங்கள். கேட்டவர்களிடம் வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதுங்கள்.